நீட்ட முடியாத கை

தேவாவின் கைக்கடிகாரம் முதல்முதலாகக் கத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இதயத் துடிப்பு ரொம்பக் குறைவாக இருக்கிறது என்று எச்சரிக்கை. தேவா அதைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இன்னொரு இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டான்.

"என்ன அது?" என்றாள் ரேவதி.

"ஒண்ணுமில்ல. ஸ்போர்ட்ஸ்மேனுக்கெல்லாம் ஹார்ட் ரேட் கம்மியாத்தான் இருக்கும்."

"நீ கடைசியா என்ன விளையாடின?"

தேவா நிஜமாகவே யோசித்தான். "காலேஜ்ல கேரம்."

ரேவதிக்குச் சட்னிக் கிண்ணத்தை அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. இது இன்றைக்கு நேற்று வந்த எரிச்சல் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் வரவேற்பில் போட்டோ எடுப்பவர் "சார், கையைத் தொங்க விடுங்க" என்று கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப்போனாரே, அன்றைக்கே ஆரம்பித்தது. தேவாவுக்கு முழங்கை நேராக நீளாது. எதையோ ஏந்திக்கொண்டிருப்பவன் மாதிரி எப்போதும் லேசாக மடங்கியே இருக்கும். குதிகால் தரையில் சரியாகப் பதியாது, எம்பி எம்பி நடப்பான். போன வருஷத்திலிருந்து கழுத்தும் குனியவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதற்குப் பதிலாகத் தட்டை மார்பளவுக்குத் தூக்கிக்கொண்டான்.

ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. முழங்கைக்கு பைக் ஹேண்டில்பார். கழுத்துக்கு ஆபீஸ் நாற்காலி. குதிகாலுக்கு, "சின்ன வயசுலேர்ந்தே என் நடை அப்படி." ரேவதி விடாமல் இழுத்துக்கொண்டு போன டாக்டர்களில் ஒருவர் வைட்டமின் மாத்திரை கொடுத்தார், ஒருவர் தலையணையை மாற்றச் சொன்னார், இன்னொருவர் யோகா என்றார். யோகா வகுப்பில் இரண்டு கையையும் மேலே தூக்கி நீட்டச் சொன்னபோது, தேவா பாதி வழியில் நின்றுகொண்டு, "இவ்வளவுதான் சார் ஸ்டாக்" என்று சொன்னான். வகுப்பே சிரித்தது. ரேவதி சிரிக்கவில்லை.

கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. அடுத்த வாரம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் மகள் யாழினியை சைக்கிள் ஓட்டவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்த தேவா, ரேவதியிடம் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமலே முன்பக்கமாக விழுந்தான். கையை ஊன்றக்கூட இல்லை. மூக்கிலிருந்து ரத்தம். யாழினி சைக்கிளைப் போட்டுவிட்டு அலறினாள்.

கூட்டம் கூடியது. யாரோ சோடா என்றார்கள், யாரோ சாவிக்கொத்து என்றார்கள். "சாவி எதுக்குங்க? அவருக்கென்ன வலிப்பா வந்திருக்கு?" என்று ரேவதி கத்தினாள். ஏரிக்கரை முனையில் ஆட்டோ நிறுத்தியிருந்த சுலைமான்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ரேவதி அலுவலகம் போக வழக்கமாகக் கூப்பிடும் ஆட்டோக்காரர்.

"தள்ளு தள்ளு, இன்னா வேடிக்கை கீது இங்க? அக்கா, நீ கொயந்தய புடி. நான் அண்ணாத்தேய தூக்கிக்கிறேன்."

ஆட்டோ பூந்தமல்லி ரோட்டைத் தொடுவதற்குள் தேவா கண் விழித்துவிட்டான். விழித்ததும் சொன்னது, "திரும்பிடலாமா? வெயில்தான்."

"வாயை மூடிட்டு உட்காரு" என்றாள் ரேவதி.

"அக்கா சொல்றத கேளு அண்ணாத்தே" என்றார் சுலைமான், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும் எல்லோரும் அவசரமானார்கள். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குத் துடிக்கச் சொல்லும் தகவலே போகவில்லையாம். கீழறைகள் தாமாக, இஷ்டத்துக்கு, மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தன. கழுத்து வழியாகத் தற்காலிகமாக ஒரு கம்பியைச் செலுத்தித் துடிப்பை ஓட்டினார்கள். அதன் பிறகுதான் இதய நோய் நிபுணர் டாக்டர் மங்களம் வந்தார். நரைத்த தலை, காலில் கேன்வாஸ் ஷூ, அதிகம் பேசாத அம்மா.

"கையை நீட்டுங்க" என்றார் தேவாவிடம்.

"நீட்டித்தான் இருக்கேன் டாக்டர்."

டாக்டர் மங்களம் அந்த முழங்கையைப் பிடித்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். மற்ற கையையும் பார்த்தார். போர்வையை விலக்கிக் குதிகால் தசைநாரைத் தொட்டார். கழுத்தைக் குனியச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான் என்பது ரேவதிக்கு அப்போது தெரியாது.

"இவங்க வீட்ல வேற யாருக்காவது இப்படிக் கை மடங்கி இருக்கா? அப்பா எப்படி இறந்தார்?"

கேள்வி தேவாவின் அம்மா சுலோசனாவைப் பார்த்துப் போனது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து, மாட்டியிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். கணவர் தங்கராஜ் இறந்தபோது கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஊர் திரும்பாமல், அந்த ஃபேக்டரி ஸ்டோர்ஸில் நின்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாது" என்றாள் சுலோசனா. "அவருக்கு மஞ்சக்காமாலை."

ரேவதி திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தபோது மாமனார் இறந்தது விஷக்காய்ச்சலில் என்று சொன்னார்கள். யாழினி வயிற்றில் இருந்தபோது, ஃபேக்டரியில் கால் தடுக்கி விழுந்ததில் தலையில் அடி என்று இதே அத்தைதான் சொன்னாள்.

"அத்தை, ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் செத்துப்போவாரு?"

"ரேவதி!" என்றான் தேவா படுக்கையிலிருந்து.

"நீ பேசாத. உன் கழுத்துல கம்பி இருக்கு."

டாக்டர் மங்களம் சுலோசனாவிடமே பேசினார். "நான் வம்புக்குக் கேக்கலைம்மா. சாதாரண பேஸ்மேக்கர் வெச்சா துடிப்பு குறையும்போது தூண்டிவிடும். ஆனா சில குடும்பங்கள்ல இதே நோய் திடீர்னு துடிப்பைத் தாறுமாறா ஓடவிட்டு, நின்ன இடத்துலயே ஆளை விழவெச்சிடும். அவங்களுக்கு ஷாக் கொடுத்துக் காப்பாத்துற கருவி வைக்கணும். எதை வைக்கிறதுன்னு முடிவு பண்ண எனக்கு உண்மை வேணும்."

"மஞ்சக்காமாலைதான்" என்றாள் சுலோசனா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்று மாலை பால்ராஜ் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரேவதி பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு. பால்ராஜ் தங்கராஜோடு ஃபேக்டரியில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். ஆப்பிள் பையோடு வந்தவர் தேவாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

"அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கான். படுத்திருக்கும்போதுகூட அதே மாதிரி கையை மடக்கிக்கிட்டு... நாங்க அவனைக் கங்காருன்னுதாம்மா கூப்பிடுவோம். கோபமே வராது அவனுக்கு."

 சுலோசனா பால்ராஜைப் பார்த்த பார்வையில் ஆப்பிளெல்லாம் அழுகியிருக்க வேண்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல என் பக்கத்துலதான் உட்கார்ந்தான். ரேடியோவுல என்ன பாட்டுன்னு கேட்டான். நான் திரும்பிப் பதில் சொல்றதுக்குள்ள ஆள் இல்ல. தோள்ல சாய்ஞ்சவன் தூங்குறான்னுதான் நான்..."

ரேவதி அவரை முடிக்கவிடவில்லை. கையைப் பிடித்து, நர்ஸைத் தாண்டி, டாக்டர் மங்களத்தின் அறைக்கு நேராகக் கூட்டிக்கொண்டு போனாள். "இதை அப்படியே அவங்ககிட்டச் சொல்லுங்க மாமா. பாட்டு உள்பட."

மறுநாள் தேவாவின் தோள்பட்டைக்குக் கீழே ஷாக் கொடுக்கும் கருவியைத்தான் வைத்தார்கள். மரபணுச் சோதனைக்கும் ரத்தம் போனது. தேவா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "நான் இனி சார்ஜ் போடணுமா?" என்று கேட்டு யாழினியைச் சிரிக்கவைத்தான். ரேவதிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவும் எரிச்சலாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மரபணுச் சோதனையின் முடிவு வந்த அன்று டாக்டர் மங்களம் அவர்களைக் கூப்பிட்டார். தேவாவுக்கு அலுவலகத்தில் ஏதோ மீட்டிங், அவனால் தள்ளிப்போட முடியாதாம். "உனக்கு வந்த வியாதிக்கு நான் லீவு போடுறேன்" என்று சொல்லிவிட்டு ரேவதி கிளம்பினாள். சுலோசனாவும் கூடவே வந்தாள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்வதைவிட, அது யார் காதுக்கெல்லாம் போகும் என்ற கவலைதான் அவளுக்கு என்பது முகத்திலேயே தெரிந்தது.

"லேமின்னு ஒரு புரதம். அதுக்கான மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்கு" என்றார் டாக்டர்.

"எழுத்து மாறினா கை ஏன் டாக்டர் நீளல?" ரேவதியின் குரலில் சண்டை இருந்தது. "இதயத்துக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஸ்கூல்ல செல் படம் வரைஞ்சிருப்பீங்க. நடுவுல உட்கரு, ஒரு உருண்டை. அது சும்மா மிதந்துக்கிட்டு இருக்குன்னுதானே நினைச்சீங்க? மிதக்கலை. கட்டிப்போட்டிருக்கு. செல் முழுக்க நூல் நூலா ஒரு சட்டகம் ஓடுது, கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி. செல்லுக்கு உருவம் கொடுக்குறதே அதுதான். உட்கருவுக்கு ரெண்டு உறை. உள் உறையில ஒரு புரதம், வெளி உறையில ஒரு புரதம், ரெண்டும் நடுவுல கைகோர்த்துக்கிட்டு நிக்குது. வெளியில இருக்கறது சாரத்தைப் பிடிச்சிருக்கு. உள்ள இருக்கறது உட்கருவோட உள்சுவர்ல பின்னியிருக்கற ஒரு வலையைப் பிடிச்சிருக்கு. அந்த வலைதான் லேமின்."

"சரி."

"தசை சுருங்குறப்பல்லாம் சாரம் இழுபடும். அந்த இழுப்பு கைமாறிக் கைமாறி உட்கரு வரைக்கும் போகும். வலை உறுதியா இருந்தா தாங்கிக்கும். இவருக்கு வலை பலவீனம். கல்லீரல் செல்லை யாரும் அப்படி இழுக்கறதில்ல, அது பாட்டுக்கு இருக்கும். இதயமும் தசையும் ஓயாம இழுபடுற இடம். அங்கதான் அடி வாங்குது. நாங்க அப்படித்தான் நினைக்கிறோம். வேற காரணங்களும் சேர்ந்திருக்கலாம்."

"அதுல முழங்கை மட்டும் ஏன்? விரல் நல்லாத்தானே நீளுது?"

"தெரியாது."

"தெரியாதா?"

"யாருக்கும் முழுசாத் தெரியாதும்மா. உலகத்துல நிறைய பேர் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க."

ரேவதிக்கு அழுகை வந்தது. வைட்டமின் மாத்திரைக்காரரிடம்கூட ஒரு பதில் இருந்ததே! ஆனால் இந்த அம்மா தெரியாது என்று சொன்னதுதான் அவளை எழுந்து போகாமல் நாற்காலியில் உட்காரவைத்தது.

"இது பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார் டாக்டர். "தேவாவோட கூடப் பிறந்தவங்க? உங்க குழந்தை?"

"அவளுக்கு ஒண்ணும் கிடையாது" என்றாள் ரேவதி.

சொன்ன வேகமும், சுவர் பக்கம் போன பார்வையும் அச்சு அசலாக யாருடையது என்று அவளுக்கே தெரிந்தது. பக்கத்தில் சுலோசனா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

திரும்பும்போது சென்னீர்குப்பம் சந்திப்பில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சுலைமான் ஆட்டோவை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். அவர் தலை மறைந்ததும் சுலோசனா ரேவதியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அகல்யாகிட்ட இப்போ சொல்லாத. அடுத்த மாசம் நிச்சயம். முடியட்டும், நானே சொல்றேன்."

அகல்யா தேவாவின் தங்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். சென்னீர்குப்பத்திலேயே வீடு வாங்கியிருக்கும் வெங்கட் என்ற பையனோடு பேசி முடித்திருந்தார்கள்.

"அவளுக்கும் இருந்தா? அவ மண்டபத்துல விழுந்தா?"

"விழ மாட்டா."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி!" சுலோசனாவின் குரல் உடைந்தது. "அவர் போனப்போ அவரோட அண்ணன் தம்பியெல்லாம் நடு வீட்டுல நின்னு என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? நான் வந்த நேரம்தான் அவர் உயிரைக் குடிச்சிடுச்சாம். அவங்க அப்பாவும் அப்படித்தான் வயல்ல விழுந்து செத்தாரு, அவருக்கும் கை நீளாது. அதை ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லலை. பழியை நான் சுமந்தேன். இப்போ குடும்பத்துக்கே இப்படின்னு தெரிஞ்சா என் பொண்ணை எவன் கட்டுவான்?"

ரேவதி அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் மனதுக்குள் திட்டித் தீர்த்த ஒரு ஆள் திடீரென்று வேறு ஆளாக உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? கோபம் போகவுமில்லை. "பழி போட்டவங்க செஞ்சதையே நீங்களும் செய்யணுமா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். சுலோசனா மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ரேவதி ஆவடிக்குப் போனாள். சுலோசனா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். அகல்யா குவார்ட்டர்ஸ் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளும் குதிகால் உயர்ந்த செருப்பு போடும் பழக்கம் அவளுக்கு. ஸ்டைல் என்று தேவா கேலி செய்வான். துணிக்கொடி உயரம், அவள் கை எட்டவில்லை. நாத்தனாரின் முழங்கையை ரேவதி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். அகல்யா ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"செருப்பைக் கழட்டினா என்னால நிக்க முடியாது அண்ணி. குதிகால் கீழ வராது. பிளஸ் டூ படிக்கும்போதுலேர்ந்தே."

"அப்போ ஏன்டி சொல்லலை?"

"யார்கிட்ட? அம்மாகிட்டயா? ஒரு தடவை சொன்னேன். அன்னிக்கே பஜாருக்குக் கூட்டிட்டுப் போய் ஹீல்ஸ் வாங்கிக் குடுத்தாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு துப்பட்டாவை வாளியில் விட்டெறிந்தாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு... சரி, யாழினிக்கு டெஸ்ட் பண்ணியாச்சா?"

ரேவதி குனிந்து வாளியிலிருந்த துப்பட்டாவை எடுத்து மறுபடி பிழிந்தாள்.

"பண்ணலையா?"

"சின்னக் குழந்தைடி. அவளுக்கு எதுக்கு இப்போ..."

"அண்ணி, எனக்கு இவ்வளவு நேரம் லெக்சர் குடுத்துட்டு உங்களுக்கு வெக்கமா இல்ல?"

அந்த வார்த்தை ரேவதிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆவடியிலிருந்து வீடு வரும்வரை அகல்யாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து தேவாவைத் திட்டினாள், கடிகாரத்தைக் கட்டவில்லை என்று. தூங்கிக்கொண்டிருந்த யாழினியின் கையை மெல்ல எடுத்து நீட்டிப் பார்த்தாள். நேராக நீண்டது. மறுபடியும் பார்த்தாள். குழந்தை எரிச்சலோடு கையை உதறிக்கொண்டு திரும்பிப் படுத்தது.

வெங்கட்டிடம் அகல்யாவே பேசினாள். போனில், அம்மாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு. வெங்கட் நல்ல மாதிரியாகத்தான் கேட்டான். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவனுடைய அப்பா ஒரு நாள் கூப்பிட்டு, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார். முதலில் பார்த்தபோது பத்துப் பொருத்தம் என்று சொன்ன அதே ஜாதகம். சுலோசனா ரேவதியோடு பேசுவதை நிறுத்தினாள். தேவா வழியாகத்தான் எல்லாமே. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, பொடி அரைச்சு வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கச் சொல்லு." போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு தேவா இருவருக்கும் நடுவில் எந்தக் கவலையும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

ஒரே நாளில் அகல்யாவையும் யாழினியையும் டாக்டர் மங்களத்திடம் கூட்டிப்போனார்கள். யாழினியின் ஈ.சி.ஜி.யில் குறை எதுவும் இல்லை. அகல்யாவின் ஈ.சி.ஜி.யில் தகவல் போகும் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. இப்போதைக்குக் கருவி வேண்டாம், அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். யாழினி அழுதாள், அத்தை அகல்யா மடியில் உட்காரவைத்துக்கொண்டதும் நிறுத்தினாள்.

முடிவு ரேவதியின் போனுக்கு வந்தபோது அவள் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். யாழினிக்கு இல்லை. அகல்யாவுக்கு இருக்கிறது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.  போய்க்கொண்டிருந்த யாரையாவது கட்டிப்பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது, என் குழந்தைக்கு இல்லை, இல்லை என்று. அடுத்த நொடியே அகல்யாவின் ஞாபகம் வந்தது. தேவாவைக் கூப்பிட்டுத் தகவலை மட்டும், வேண்டுமென்றே தட்டையான குரலில் சொன்னாள்.  முதல்முறையாக ஒரு நகைச்சுவையும் வரவில்லை அவனிடமிருந்து. "அகல்யாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றான் கடைசியில்.

அன்று மாலை அகல்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. ரேவதி எடுத்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"அண்ணன் சொல்லிடுச்சு."

"ம்."

"அம்மா வெளிய உட்கார்ந்து அழுவுறாங்க. பால்ராஜ் மாமா வந்திருக்காரு, கையில ஆப்பிளோட. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ம். டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..."

"தெரியும், நானே பேசிட்டேன். அதை விடுங்க." அகல்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யாழினிக்கு இல்லல்ல?"

"இல்ல" என்றாள் ரேவதி, எழவு வீட்டில் பேசுவதுபோல.

"அப்போ ஏன் குரல் இப்படி இருக்கு? சந்தோஷமா இருந்தா சந்தோஷமா இருக்குன்னு சொல்லித் தொலைங்க அண்ணி. இந்தக் குடும்பத்துல எதையும் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா?"

 ரேவதி அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சந்தோஷமா இருக்குடி" என்றாள். "ரொம்ப. உன்னை நினைச்சா எனக்கு..."

"ம்ம். அழுவாதீங்க. போனை யாழினிகிட்டக் குடுங்க."